சோழிகள் காட்டிய வழி

"இந்தக் கடல் என்னிடம் தோற்கும் நாள் வந்துவிட்டது" என்று நான் அறிவித்தபோது, என் மனைவி மங்கையர்க்கரசி கொடுவா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"செத்தத் தள்ளி நின்னு ஜெயிங்க. செதில் தெறிக்குது" என்றாள்.

உலகத்து மாவீரர்கள் பலருக்கு இப்படிப்பட்ட மனைவி வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் சரித்திரப் புத்தகம் இவ்வளவு தடிமனாக இருந்திராது.

வாசகர்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்வது முறை. பெயர் சொக்கலிங்கம். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். போர்ட் பிளேயரில் அரசாங்கத் தச்சுப் பட்டறை ஒன்றில் தலைமை மேஸ்திரி. வாசம் அங்கேயே லம்பா லைன் பேட்டையில். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆயினும் அச்சிட்ட தாள் எது கையில் கிடைத்தாலும், அது கப்பலில் வந்த கருவாட்டைச் சுற்றிய காகிதமாகவே இருந்தாலும், கறையைத் துடைத்துக் கடைசி எழுத்துவரை படித்துவிட்டே கீழே வைப்பேன். என் அறிவு அவ்வாறு வளர்ந்தது. சிறிது கருவாட்டு வாசனையும் உண்டு.

இப்போது கடலுக்கு வருவோம்.

அந்தமானுக்கு வந்த புதிதில் ஒரு பிற்பகல், ஊருக்குத் தெற்கே பாறைக் கரையில் நான் தனியாக நின்றிருந்தேன். கண்ணெதிரே கடல் பின்வாங்கிற்று. ஓடவில்லை; பெரிய மனிதர் ஒருவர் சபையிலிருந்து எழுந்து போவதுபோல் நிதானமாக, திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போயிற்று. அது போன இடத்தில் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைதூக்கின. அவற்றின் இடையே நீலம், மஞ்சள், ஊதா என்று பெயரில்லாத பூந்தோட்டம் ஒன்று ஈரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பாறையின் பிளவில் ஒரு புலிச்சோழி கிடந்தது. எடுத்து வெயிலில் திருப்பினேன். என் முகம் அதில் தெரிந்தது.

நான் மரத்தை மெருகிட்டே வயிறு வளர்ப்பவன். படாக் மரப் பலகையை வாரக்கணக்கில் தேய்த்தாலும் என் கைக்கு வராத பளபளப்பு, உளியும் உப்புத்தாளும் இல்லாத ஒரு சிறு பிராணிக்கு இருட்டில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறது! என் தொழில் கர்வம் அங்கேயே மண்டியிட்டது. அன்று முதல் நான் சோழிப் பித்தன் ஆனேன்.

வீட்டில் கண்ணாடி மூடியிட்ட படாக் பெட்டி ஒன்று செய்தேன். உள்ளே ஒவ்வொரு சோழிக்கும் அளவெடுத்து ஒரு குழி குடைந்தேன். குழிகளுக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். அந்த வெல்வெட்டின் பூர்வீகம் பற்றி வீட்டில் ஒரு விசாரணை நடந்தது.

"என் கல்யாண ரவிக்கையப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். மிக உயர்ந்த பணியில் அமர்த்தப்பட்டிருக்கிறது."

அந்த வாரம் முழுதும் எனக்கு ரசத்தில் உப்பு இல்லை.

குழிகள் நிரம்பின. புலிச்சோழி, பாம்புத்தலைச் சோழி, மோதிரச் சோழி, முட்டைச் சோழி. பெயர் தெரியாதவற்றுக்கு நானே பெயர் சூட்டினேன். பார்வைக்குப் பெரியதாய், உள்ளே ஒன்றும் இல்லாததாய் இருந்த ஒன்றுக்கு மாமனார்ச் சோழி என்று பெயரிட்டு, அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு குழி மட்டும் காலி. நட்டநடுக் குழி. அது தேசப்படச் சோழிக்கு உரியது. அதன் முதுகில் ஆறுகளும் கரைகளும் தீவுகளும் வரைந்த தேசப்படம் ஒன்று இயற்கையாகவே இருக்குமாம். அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் நண்பர் அப்துல் கனி பாய், முத்துக் குளிப்பவன் ஒருவனிடம் அதைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அந்த நாள் தொட்டு எனக்கு நிம்மதி போயிற்று. என் பெட்டியைப் பார்க்க வருபவர் எவரும் நிறைந்த குழிகளைப் பார்ப்பதில்லை. கண்ணாடியின்மேல் விரலை வைத்து, "இதுல என்னங்க?" என்று காலிக் குழியையே கேட்பார்கள். மனித சுபாவம்!

சோழி தேடுவதில் எனக்கென்று ஒரு சட்டம் வகுத்திருந்தேன். பாறையில் தொடங்கிப் பாறையிலேயே முடிக்க வேண்டும். பாறைக்குப் பாறை தாண்டலாம், தாவலாம், தவழலாம். தண்ணீரில் மட்டும் கால் படக்கூடாது. நீண்ட கம்பியால் பிளவுகளைத் துழாவுவேன். "பவளப் பூச்சிகளை மிதித்தல் பாவம்" என்று பிறருக்குக் காரணம் சொல்வேன். உண்மைக் காரணம், எனக்கு நீச்சல் தெரியாது. நான்கு புறமும் கடல் சூழ்ந்த ஊரில் வாழும் ஒருவன் இதை வெளியே சொல்ல முடியுமா? மங்கையர்க்கரசிக்குக்கூட இது தெரியாதென்றே நம்பியிருந்தேன்.

சரி, கடல் தோற்கும் நாள் எது? மாசிப் பௌர்ணமி. வருஷத்திலேயே கடல் மிகவும் உள்வாங்கும் வற்றம் அன்றுதான். மற்ற நாட்களில் முகம் காட்டாத வெளிப்பாறைகள் அன்று தலையை நீட்டும். தேசப்படம் அங்கேதான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மாமனார் குறுக்கிட்டார். முந்தின கப்பலில் சேதி வந்தது. மங்கையர்க்கரசியின் கடைசித் தங்கை இந்திராணிக்குப் பங்குனியில் திருமணம். மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஆகவே மூத்த மாப்பிள்ளையாகிய நானே பெண்ணுக்கு அண்ணன் ஸ்தானத்தில் நின்று, மணமகனைக் கைபிடித்து அழைத்து வர வேண்டும். நான் இல்லாவிட்டால் பங்காளி ஒருவன் அந்த இடத்தில் நிற்பான். அவனுக்கும் மாமனாருக்கும் பேச்சே கிடையாது. ஆகவே மங்கையர்க்கரசி தனியாகப் போவதிலும் பயனில்லை.

கல்யாணத்துக்கு எட்டும்படியான கப்பல் ஒன்றே ஒன்று. அது புறப்படும் நாள், மாசிப் பௌர்ணமி.

பட்டறையில் எனக்கு விடுப்பும் கிடைத்தது. கப்பலில் இருவருக்கு இடமும் கிடைத்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சிந்தித்தேன். இந்திராணி ஒரு முறைதான் மணம் புரிவாள், உண்மை. ஆனால் இப்படியொரு வற்றமும், இப்படியொரு விடுப்பும் சேர்ந்து வருவது எத்தனை அபூர்வம்! கப்பல் இடத்தை எங்கள் பட்டறைக் குமாஸ்தா இராமகிருஷ்ணனுக்குப் பெருந்தன்மையுடன் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

"எடம் போட்டாச்சா?"

"இல்லை. ஜஹாஜ் ஃபுல்."

"அடித்தட்டுப் பங்க்குல?"

"பங்க்கும் ஃபுல்."

"டெக்குல ஒரு பாய விரிச்சுக்கறோம்."

"பாய் விரிக்கும் இடமெல்லாம் பாய் விரித்தாகிவிட்டது. புகைபோக்கி உச்சிதான் காலி."

"அதுல உக்காந்து வரேன். கேட்டுட்டு வாங்க."

அவள் விளையாடவில்லை. மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைய நான் இடுப்புல தூக்கி வளத்தேங்க. நாம கப்பலேறுனன்னிக்கு, முன்பல்லு ரெண்டும் விழுந்து போயி, ஓட்டை வாயோட டாட்டா காட்டுனா. இன்னிக்குத் தாலி கட்டிக்கப் போறா. நடுவுல அவ மொகம் எப்படி மாறுச்சுன்னே எனக்குத் தெரியாது. ரோட்டுல எதுக்க வந்தா யாரோன்னு வெலகிப் போயிருவேன்."

ஆனால் காலிக் குழி என் கண்ணை விட்டு அகலவில்லை.

"அடுத்த கப்பலில் போவோம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்தே பார்த்துவிடலாம்" என்றேன்.

அவள் மீனிடம் திரும்பினாள்.

அழுகை வரும், சண்டை வரும், உப்பில்லா ரசம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மாறாக, சில நாட்களில் அவளிடம் ஓர் அதிசய மாற்றம் நிகழ்ந்தது. அவள் சோழியைப் பற்றிக் கேட்கலானாள்! அதுவரை என் சோழிகளோடு அவளுக்கு இருந்த உறவு மூக்கைப் பொத்திக்கொள்வது மட்டுமே. உள்ளே இருக்கும் பிராணியை எறும்பு தின்பதற்காகச் சோழிகளை மிளகாய்ச் செடியடியில் புதைத்து வைப்பேன். அந்த மணத்தில் லம்பா லைனே எழுந்து நிற்கும். அத்தகையவள், இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீன் தலையை வைத்துவிட்டு, "வத்தத்துல மொதல்ல எந்தப் பாறைங்க வெளிய வரும்?" என்று கேட்டால் நான் உருகாமல் என்ன செய்வேன்?

கோலமாவை எடுத்துத் தரையில் கரையை வரைந்தேன். பாறை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். இதிலிருந்து இதற்குத் தாவலாம், அதிலிருந்து அதற்குத் தாண்டலாம் என்று விளக்கினேன். புள்ளிகளைப் பார்த்தபடி அவள் தலையசைத்தாள்.

"இந்தக் கோடியில தனியா ஒண்ணு நிக்குதே?"

"அதுதான் வெளிப்பாறை. மாசிப் பௌர்ணமியில் மட்டுமே எட்ட முடியும். அதற்கு அப்பால் அதலபாதாளம். தோணியே வந்து அணையலாம்."

"அம்மாடி! இத்தனையும் உங்க தலைக்குள்ளயா வச்சிருக்கீங்க?"

என் தலையை அவள் அவ்வாறு குறிப்பிட்டது அதுவே முதல் தடவை. அன்று படுக்கும்போது தலையணை உயரமாக இருந்ததுபோல் தோன்றிற்று.

மாசிப் பௌர்ணமி வந்தது. காலையிலிருந்தே வீட்டில் விருந்துச் சமையல். நண்டு வறுவல், மீன் குழம்பு, தேங்காய்ப்பால் பாயசம்.

"இன்று என்ன விசேஷம்?"

"நீங்க கடலை ஜெயிக்கிற நாளாச்சே. வெறும் வயித்தோடயா ஜெயிப்பீங்க?"

மூன்றாம் முறை பாயசம் ஊற்றிவிட்டு, "நான் ஷரீபா வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன். நீங்க ஒரு கண்ணு அசந்துட்டுப் போங்க. வத்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள். ஷரீபா என்பது கனி பாயின் மனைவி. இருவருக்கும் உடன்பிறந்தார்போல் ஒட்டுதல். நான் பெருமூச்சு விட்டேன். கப்பல் போகும் நாளில் என் மனைவி சிரித்த முகமாய்ப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள்! எத்தகைய பக்குவம்! நல்ல புத்தகம் படிக்கும் ஒருவரோடு குடும்பம் நடத்தினால் பெண்களுக்கும் பக்குவம் வந்துவிடுகிறது என்று எண்ணியபடி உறங்கிப் போனேன்.

கண் விழித்து, சோழிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பாராமல், கம்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். கரையை அடைந்ததும் நின்றுவிட்டேன்.

இத்தனை வருஷம் பார்த்த கரைதானா அது? கடல் எங்கோ தொலைவில் ஒரு வெள்ளிக் கோடாய்ப் போய்ப் படுத்திருந்தது. அடிவயிற்றைக் காட்டியபடி நிலம் கிடந்தது. பாசி போர்த்த பாறைகள் பச்சை ஆமைகள்போல் வரிசையாய்ப் படுத்திருந்தன. ஒரு சத்தம் இல்லை. பவளத் துளைகளிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும், ஆயிரம் பேர் மெல்லிய குரலில் ஒரே சமயத்தில் பேசுவதுபோல் கேட்டது. நான் கை கூப்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கூப்பினேன்.

முதல் பாறையில் ஏறினேன். அதன் உச்சியில் ஒரு பாம்புத்தலைச் சோழி!

சோழிகள் பகலில் கல்லுக்கு அடியில் பதுங்கும். வெயிலில் தலை காட்டா. இதை நானே எத்தனையோ பேருக்கு உபதேசித்திருக்கிறேன். இதுவோ, பாறையின் நட்டநடு உச்சியில், வெற்றிலைத் தட்டில் வைத்த பாக்குப்போல் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். பளபளவென்று இருந்தது. லேசாகத் தேங்காயெண்ணெய் வாசனைகூட வந்தது. ஆகா! சோழி தன் மெருகை எதிலிருந்து பெறுகிறது என்ற ரகசியம் எனக்கு அன்று வெளிப்பட்டது. கடலுக்கே உரிய எண்ணெய் ஒன்று இருக்கிறது!

அடுத்த பாறைக்குத் தாவினேன். அங்கே ஒரு மோதிரச் சோழி. அதற்கடுத்ததில் முட்டைச் சோழி, பால்போல் வெள்ளையாய். ஒவ்வொன்றும் என் பெட்டியில் இருப்பதன் இரட்டைப் பிறவி. புலிச்சோழியின் ஓரத்தில் என் பெட்டியில் இருப்பதைப் போலவே ஒரு கீறல்கூட இருந்தது. இயற்கை தன் அச்சில் எவ்வளவு துல்லியமாக வார்க்கிறது என்று எண்ணி எண்ணி மெய்சிலிர்த்தேன்.

எடுக்க எடுக்க அடுத்தது கண்ணில் பட்டது. நான் எங்கே தாவ வேண்டுமென்று சோழிகளே கை காட்டின. வலப்பக்கம் போகலாமா என்று தயங்கினால் இடப்பக்கம் ஒன்று மின்னிற்று. தாவினேன், எடுத்தேன், பையில் இட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயதை மறந்து, பாயசத்தையும் மறந்து பறந்தேன். ஒரு பாறையில் வழுக்கி நண்டுபோல் பக்கவாட்டில் சறுக்கினேன், அங்கும் ஒன்று! மாமனார்ச் சோழி. அதையும் விடவில்லை. என் தவத்துக்கு இரங்கிக் கடலரசன் தன் பொக்கிஷத்தைத் திறந்துவிட்டான் என்று உரக்கவே சொன்னேன். கேட்க அங்கே ஒரு கொக்கு மட்டும் இருந்தது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இறுதியில் வெளிப்பாறை. நான் ஒரு நாளும் எட்டியிராத பாறை. அதற்கு முன்னிருந்த இடைவெளி என் தாவலுக்குச் சற்றே அதிகம். ஆனால் அதன் உச்சியில் ஏதோ ஒன்று பழுப்புப் பொன்னாய் மின்னியது. சுவாமியை நினைத்தேன், தாவினேன், மார்பால் பாறையைக் கட்டிக்கொண்டு மேலே ஊர்ந்தேன்.

தேசப்படச் சோழி.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். மேலே நீண்டு வளைந்து ஓர் ஆறு. அதற்கு இரு கரை. கரைக்கு அப்பால் புள்ளி புள்ளியாய்த் தீவுகள். வரைந்த கை எது? எந்தத் தேசத்தின் படம் இது? யாரும் போகாத ஊருக்கு வழி எழுதி, யாரும் பார்க்காத ஆழத்தில் எதற்காக ஒளித்து வைக்க வேண்டும்? என் கண்ணில் நீர் வந்தது. உலகம் இவ்வளவு அழகாய் இருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை, ஆனாலும் இருக்கிறது.

இவ்வாறு நான் தத்துவத்தில் மூழ்கியிருந்தபோது பின்னால் ஒரு சலசலப்பு கேட்டது. திரும்பினேன்.

பாறைகளைக் காணோம்.

நான் தாவி வந்த வழி முழுவதும் நுரை சுழித்துக்கொண்டிருந்தது. கடல் திரும்பி வந்துவிட்டது! கரைக்கும் எனக்கும் இடையே கலங்கிய பச்சை நீர், அடி தெரியாமல் கொப்பளித்தது.

"யாராவது இருக்கீங்களா!" என்று கூவினேன். என் செந்தமிழ் முதலில் என்னைக் கைவிட்டது.

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு டிங்கிப் படகு வந்தது. துடுப்பு போட்டவர் அப்துல் கனி பாய். நடுவில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, தண்ணீர்ப் பானை. முகப்பில், அரக்குப் பட்டுடுத்திப் பூ முடித்து, கோயில் தேரில் அமர்ந்த அம்மனைப் போல் மங்கையர்க்கரசி.

படகு பாறையை விட்டு ஒரு துடுப்புத் தூரத்தில் நின்றது.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

"வற்றத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்."

"வத்தம் முடிஞ்சு வெள்ளம் ஏறுதே. நீந்திக் கரைக்குப் போயிருவீங்கல்ல?"

நான் கடலைப் பார்த்தேன். கனி பாயைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"பவளப் பூச்சிகளுக்கு இடைஞ்சல் ஆகும்" என்றேன்.

"அப்ப படகுல ஏறிக்கறீங்களா?"

"படகு எங்கே போகிறது?"

"ஜெட்டிக்கு."

"ஜெட்டியிலிருந்து?"

"ஜஹாஜுக்கு. அங்கேருந்து மெட்ராஸு, அங்கேருந்து இந்திராணி கல்யாணம்."

"இடமில்லை என்று..."

"இருக்கு. செல்லம் வந்து கையப் புடிச்சுக்கிட்டா. 'உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன்க்கா, சொந்த எடத்தையே எங்களுக்கு விட்டுக் குடுத்துட்டாரு'ன்னு."

செல்லம் என்பது குமாஸ்தா இராமகிருஷ்ணனின் மனைவி. நன்றியுள்ளவர்களுக்கு உதவி செய்வதில் இவ்வளவு அபாயம் இருக்கிறது.

"நானும் சிரிச்சுக்கிட்டேன். ஊருலேருந்து வந்த நார்த்தங்கா ஊறுகா ஜாடியக் குடுத்தேன். எடத்தைத் திருப்பிக் குடுத்துட்டா. அவங்க அடுத்த கப்பல்ல போறாங்களாம்."

அந்த ஊறுகாயை எனக்கே நாள் கிழமையில்தான் கண்ணில் காட்டுவாள். ஜாடியோடு கொடுத்திருக்கிறாள் என்றால் நிலைமையின் தீவிரம் புரிந்தது. என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கீறல் விழுந்த புலிச்சோழியை வெளியே எடுத்தேன். எண்ணெய் மணத்தது.

"மங்கை, இந்தச் சோழியெல்லாம்..."

"உங்க பொட்டிதாங்க. நீங்க தூங்குனப்ப எடுத்துக்கிட்டு வந்தோம். பாறைங்க தலை தூக்கறப்பவே கனி அண்ணன் படகை ஓட்ட, நான் பாறைக்கு ஒண்ணா வச்சேன். நீங்கதான் கோலமாவுல புள்ளி வச்சுக் காட்டுனீங்களே. தூரத்துலேருந்தே மினுங்கட்டும்னு எண்ணெ தொட்டுத் தொடச்சேன்."

"அண்ணே, நான் சொன்னேன்" என்றார் கனி பாய். "மேஸ்திரி அண்ணனுக்கு அவரோட சோழி அவருக்கே தெரியாமப் போகுமா, ரெண்டாவது பாறையிலயே பிடிச்சிருவாருன்னேன். அக்காதான் பிடிக்க மாட்டாருன்னு பந்தயமே வச்சாங்க."

நான் கடைசி நம்பிக்கையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன். "இது? இது என் பெட்டியில் இல்லாதது! இது கடல் கொடுத்தது!"

"அது நான் எடுத்தது. போன அமாவாசை வத்தத்துல ஷரீபாவோட இந்தப் பாறையெல்லாம் பாத்து வைக்க வந்தேன்ல, அப்ப ஒரு கல்லைப் பொரட்டுனேன். அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மொளகாச் செடிக்குக் கீழ பொதச்சு வச்சேன். நாத்தத்தை உங்க சோழி நாத்தம்னு நீங்களே நெனச்சுக்கிட்டீங்க."

"எத்தனை கல் புரட்டினாய்?"

"ஒண்ணுதான். மொதக் கல்லு."

நான் வருஷக்கணக்கில் கம்பியால் துழாவியது இவள் முதல் கல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோலத்துப் புள்ளிகளைச் சோழியாக்கி, என் ஆசையைக் கயிறாக்கி, ஆளை ஒரு வார்த்தை வையாமல் கடல் நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். சற்று முன் சோழியைப் பார்த்து வாயடைத்த நான், இப்போது அதே பார்வையை அவள்மேல் வைத்திருந்தேன். ஆயினும் ஆண்மகனுக்கு ஒரு கடைசி முறுக்கு உண்டல்லவா?

"நான் ஏறாவிட்டால்?"

"கனி அண்ணே, துடுப்பப் போடுங்க. ஜல்தி. நாம போறப்ப அவரு இங்கேயே நின்னு ஆராயட்டும்."

படகு ஒரு முழம் விலகிற்று. அதே சமயம் ஒரு சிற்றலை வந்து என் கணுக்காலை நக்கிற்று.

"ஏய் மங்கை! மங்கை! ருக்கோ! நில்லு! ஏறிர்றேன்! ஏறிர்றேன்டீ!"

கனி பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அந்த இருமலில் சிரிப்பின் கலப்படம் மிகுதி. அவர் நீட்டிய துடுப்பைப் பற்றி, நான்கு கால் பிராணியாய்ப் படகுக்குள் விழுந்தேன். மங்கையர்க்கரசி பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த என் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் எடுத்து மடியில் வைத்தாள். நெற்றிக்கு விபூதிகூடக் கொண்டு வந்திருந்தாள்.

"நான் பயந்து ஏறவில்லை" என்றேன், மூச்சு வாங்கியபடி. "மூத்த மாப்பிள்ளை என்ற கடமை அழைத்தது."

"தெரியுங்க. என் காதுலயும் விழுந்துச்சு, கொஞ்சம் சத்தமா அழைச்சிருச்சு."

முனைக்கு அப்பால் கப்பலின் புகை தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் ஓரத்தைப் பட்டு முந்தானையால் ஒற்றினாள். "தண்ணி தெறிச்சிருச்சு" என்றாள். காற்றே இல்லை, கடல் கண்ணாடிபோல் கிடந்தது. தேசப்படச் சோழியை அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்து, "நம்ம ஊரு எங்கங்க இருக்கு இதுல?" என்றாள். ஆற்றுக்குத் தெற்கே ஒரு புள்ளியைக் காட்டினேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

வெளிப்பாறையைக் கடந்து படகு சிறிது தூரம் போயிருக்கும். கரையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"மங்கைக்கா! ஓய் மங்கைக்கா! புளிச்சோத்துத் தூக்குச் சட்டிய வச்சிட்டுப் போறீங்களே! நாலு நாளைக்கு ஜஹாஜ்ல எதைத் தின்பீங்க?"

ஷரீபாதான். தலைக்கு முக்காடு, கையில் பெரிய தூக்குச் சட்டி.

"ஐயோ, மறந்தே போச்சு! கனி அண்ணே, படகைத் திருப்புங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

கரை எங்கே, படகு எங்கே! நடுவில் என்னைச் சிறைவைத்த அந்தப் பெருவெள்ளம். ஷரீபாவுக்குக் கடலின் குணம் தெரியாது. "வராதே தாயே! ஆழம்! இழுத்துக்கொண்டு போய்விடும்!" என்று படகில் எழுந்து நின்று கத்தினேன்.

அவள் காதில் விழவில்லைபோலும். ஒரு கையில் தூக்குச் சட்டி, மறு கையில் லேசாகத் தூக்கிப் பிடித்த புடவைக் கொசுவம். கரையிலிருந்து நேராக, நான் நின்றிருந்த பாறைவரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தாள்.

தண்ணீர் அவள் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.